‘ஏனைய’ காலணி: பெண்களுக்கான தோல் விளையாட்டுக் காலணிகளின் சுங்கத் தீர்வை வகைப்பாடு – செங்கல்பட்டு வட்டாரத்தை முன்வைத்து

ஆய்வுச்சுருக்கம்

இறக்குமதியாகும் ஒரு பொருளுக்கு எவ்வளவு தீர்வை என்று கேட்பதற்கு முன், அப்பொருள் எது என்று சுங்கச் சட்டம் கேட்கிறது. பெண்கள் ஓட்டத்துக்கும் உடற்பயிற்சிக்கும் அணியும் தோல் காலணியைப் பொறுத்தவரை, இக்கேள்விக்குக் கடைக்காரர் தரும் விடையும் சட்டம் தரும் விடையும் ஒன்றல்ல. 1975ஆம் ஆண்டுச் சுங்கத் தீர்வைச் சட்டத்தின் முதல் அட்டவணையில் 64ஆம் இயல் விளையாட்டுக் காலணியை எவ்வாறு வரையறுக்கிறது, அவ்வரையறையில் தோல் காலணி ஏன் ‘ஏனைய’ என்னும் வரிக்குள் செல்கிறது, அதனால் செங்கல்பட்டு வட்டாரத்துக் காலணித் தொழிலுக்கு நேர்வது என்ன என்பவற்றை இக்கட்டுரை விளக்குகிறது.

திறவுச்சொற்கள்: சுங்கத் தீர்வை, வகைப்பாடு, தோல் காலணி, விளையாட்டுக் காலணி, சிறப்புப் பொருளாதார மண்டலம், செங்கல்பட்டு

முன்னுரை

காஞ்சியை ஆண்ட தொண்டைமான் இளந்திரையனைப் பாடும் பெரும்பாணாற்றுப்படை, அவன் நாட்டுப் பெருவழிகளில் உல்கு பெறப்பட்டதையும் அவ்வழிகளை வில்வீரர் காத்து நின்றதையும் குறிப்பிடுகிறது. அதே பகுதியில், அவ்வழியே செல்லும் வணிகர் பாதத்தை மறைக்கும் காலணி அணிந்திருந்தமையும் சொல்லப்படுகிறது. அந்நூல் கூறும் நீர்ப்பெயற்று என்னும் துறையை மாமல்லபுரக் கடற்கரையோடு இணைத்துக் காணும் ஆய்வாளர்களும் உண்டு. உல்கும் காலணியும் ஒரே காட்சியில் இடம்பெறும் அந்தத் தொண்டை நாட்டில், இன்று காலணியே உல்குக்குரிய பொருளாகியிருக்கிறது.

மாமல்லபுரம், கோவளம், சதுரங்கப்பட்டினம் என்று வணிகத் துறைகளாக விளங்கிய இக்கடற்கரையில் இப்போது சரக்குப் பெட்டகம் இறங்குவதில்லை. 1962ஆம் ஆண்டுச் சுங்கச் சட்டத்தின் 7ஆம் பிரிவின்படி, அறிவிக்கை செய்யப்பட்ட துறைமுகங்களில் மட்டுமே இறக்குமதி நிகழலாம். இவ்வட்டாரத்துக்குரிய சரக்குகள் வடக்கே சென்னை, எண்ணூர், காட்டுப்பள்ளித் துறைமுகங்களில் இறங்குகின்றன. ஆயினும் வகைப்பாட்டுச் சிக்கல் துறைமுகத்தோடு நின்றுவிடுவதில்லை. கடலைக் காணாமலேயே ஒரு காலணி ‘இறக்குமதி’ ஆகும் இடங்கள் செங்கல்பட்டைச் சுற்றி உள்ளன.

அறுபத்து நான்காம் இயல்

உலகச் சுங்க அமைப்பின் இசைவிக்கப்பட்ட குறியீட்டு முறையை இந்தியா 1986இல் தன் தீர்வை அட்டவணைக்கு அடிப்படையாக்கிக்கொண்டது. முதல் இரண்டு இலக்கங்கள் இயலையும், நான்கு இலக்கங்கள் தலைப்பையும், ஆறு இலக்கங்கள் உட்தலைப்பையும் குறிக்கும். இந்த ஆறும் எல்லா உறுப்பு நாடுகளுக்கும் பொது. 2003 முதல் இந்தியா பயன்படுத்தும் எட்டு இலக்கக் குறியீட்டில் கடைசி இரண்டு மட்டும் நாட்டுக்கே உரியவை.

காலணிகள் 64ஆம் இயலில் அமைகின்றன. இவ்வியலின் பகுப்புமுறை சற்று வியப்புக்குரியது. யார் அணிவது, எதற்காக அணிவது என்பன முதலில் கேட்கப்படுவதில்லை; மேற்பாகம் எதனால் ஆனது, தரையைத் தொடும் அடிப்பாகம் எதனால் ஆனது என்பனவே கேட்கப்படுகின்றன. மேற்பாகத்தைத் தொழிற்கூடங்களில் ‘அப்பர்’ என்றும் அடிப்பாகத்தைச் ‘சோல்’ என்றும் சொல்வர். ரப்பர் அல்லது பிளாஸ்டிக் மேற்பாகம் கொண்டவை 6401, 6402, தோல் மேற்பாகம் கொண்டவை 6403, துணி மேற்பாகம் கொண்டவை 6404, எஞ்சியவை 6405, உறுப்புகள் 6406.

‘தோல்’ என்ற சொல்லுக்கும் இவ்வியலில் தனி எல்லை உண்டு. 3ஆம் குறிப்பின்படி, 4107 மற்றும் 4112 முதல் 4114 வரையுள்ள தலைப்புகளில் அடங்கும் பதனிட்ட தோல் மட்டுமே தோலாகும். தோல் துணுக்குகளையும் இழைகளையும் அரைத்துப் பசையிட்டுத் தகடாக்கிய கலவைத் தோல் 4115ஆம் தலைப்புக்குரியது. அதனால் ஆன மேற்பாகத்தை உடைய காலணி 6403இல் சேராமல் 6405க்குப் போய்விடும். தோலின் மேல் பிளாஸ்டிக் ஏடு ஒட்டப்பட்டிருந்தால் அதன் தடிமனையும் பார்க்க வேண்டும். ஏடு மொத்தத் தடிமனில் பாதிக்கும் குறைவாக இருக்கும்வரைதான் அது தோல். பாதியை எட்டிவிட்டால் பிளாஸ்டிக். கையால் தடவி இதைக் கண்டறிய இயலாது. வெட்டுமுகத்தை நுண்ணோக்கியில் பார்த்தே சொல்ல முடியும்.

பரப்பளவு என்னும் துலாக்கோல்

இன்றைய விளையாட்டுக் காலணி ஒரே பொருளால் ஆனதன்று. முன்பக்கம் வலைத்துணி, பக்கவாட்டில் தோல் பட்டைகள், குதிகாலைச் சுற்றிப் பிளாஸ்டிக் வார்ப்பு, நாக்குப் பகுதியில் வேறொரு துணி என்று பல பொருள்கள் கலந்திருக்கும். அவற்றுள் எதைக் கொண்டு வகைப்படுத்துவது? 4ஆம் குறிப்பு தெளிவான விடையைத் தருகிறது. மேற்பாகத்தின் வெளிப்புறத்தில் மிகுதியான பரப்பைக் கொண்ட பொருளே மேற்பாகத்தின் பொருள். எடையோ விலையோ கணக்கில்லை. கணுக்கால் ஒட்டு, விளிம்புப் பட்டி, அலங்காரம், கொக்கி, கயிற்றுத் துளைகளைத் தாங்கும் பட்டை போன்ற துணைப்பொருள்களையும் வலுவூட்டும் துண்டுகளையும் கணக்கில் சேர்க்கக் கூடாது.

விதியின் கடைசிப் பகுதியில்தான் வழக்கு பிறக்கிறது. ஓர் எடுத்துக்காட்டைக் கொள்ளலாம். ஒரு காலணியின் வெளிப்பரப்பு 500 சதுர சென்டிமீட்டர். அதில் தோல் 270, வலைத்துணி 230 என்க. எனவே அது 6403. ஆனால் அந்த 270இல் 50 சதுர சென்டிமீட்டர், வலைத்துணியின் மேலேயே வலுவுக்காகத் தைக்கப்பட்ட பட்டை எனில் நிலைமை மாறுகிறது. பட்டைக்குக் கீழே உள்ள துணி தானே மேற்பாகமாக நிற்கக்கூடியதானால், மேலுள்ள தோல் வெறும் வலுவூட்டலே. அதை நீக்கியதும் தோல் 220ஆகக் குறைகிறது. அடியில் மறைந்திருந்த துணி வெளிப்பரப்பாகக் கருதப்பட்டு 280 ஆகிறது. அதே காலணி 6404 ஆகிவிடுகிறது. பட்டைக்குக் கீழே துணி வெட்டப்பட்டு வெறுமையாக இருந்தாலோ, தோல்தான் அங்கு மேற்பாகம். கணக்கு பழையபடி 270. ஆகவே கட்டிங் மேசையில் துணியை முழுதாக வெட்டுவதா, பட்டை வரும் இடத்தை விட்டுவிட்டு வெட்டுவதா என்று எடுக்கும் முடிவு, அறிந்தோ அறியாமலோ சுங்கத் தலைப்பையும் முடிவு செய்துவிடுகிறது.

அடிப்பாகத்துக்கும் இதே முறை. தரையோடு தொடும் பரப்பில் மிகுந்த பொருளே கணக்கு. அதிர்வைத் தாங்கும் நுரை அடுக்கு எவ்வளவு தடிமனாக இருந்தாலும், அது தரையைத் தொடாவிட்டால் கணக்கில் வராது.

விளையாட்டு எது?

6403ஆம் தலைப்பின் உள்ளே 6403 12, 6403 19 என இரண்டு உட்தலைப்புகள் விளையாட்டுக் காலணிக்கென உள்ளன. முன்னது பனிச்சறுக்குக் காலணிகளுக்கு. பின்னது ஏனைய விளையாட்டுக் காலணிகளுக்கு. பெண்கள் ஓடுவதற்கு அணியும் தோல் காலணி 6403 19இல் சேரும் என்றே எவரும் எண்ணுவர். அதைத் தடுப்பது 64ஆம் இயலின் உட்தலைப்புக் குறிப்பு. அக்குறிப்பின்படி விளையாட்டுக் காலணி என்பது இரு வகைகளை மட்டுமே குறிக்கும். ஒன்று, ஒரு விளையாட்டுக்கென வடிவமைக்கப்பட்டு, ஆணி, முளை, குமிழ், பட்டை போன்றவை பொருத்தப்பட்டது அல்லது பொருத்த வழியுடையது. மற்றொன்று, பெயர் சுட்டிச் சொல்லப்பட்டவை: சறுக்குக் காலணிகள், மற்போர், குத்துச்சண்டைக் காலணிகள், மிதிவண்டிக் காலணிகள்.

செங்கல்பட்டு மாவட்டம் மேலக்கோட்டையூரில் தமிழ்நாடு உடற்கல்வி மற்றும் விளையாட்டுப் பல்கலைக்கழகம் உள்ளது. அங்குப் பயிலும் மாணவியர் அணியக்கூடிய காலணிகளை இக்குறிப்போடு ஒப்பிட்டுப் பார்க்கலாம். ஆணி பொருத்திய தோல் கிரிக்கெட் காலணி விளையாட்டுக் காலணி. குமிழ் வைத்த கால்பந்துக் காலணியும், ஆணி ஏதுமில்லாத மற்போர்க் காலணியும் அவ்வாறே. ஆனால் நாள்தோறும் பல கிலோமீட்டர் ஓடிப் பயிற்சி செய்பவரின் தோல் காலணி, கைப்பந்துக் காலணி, கபடிக் காலணி ஆகியவை அவ்வரையறைக்கு வெளியே நிற்கின்றன. கணுக்காலை மூடினால் 6403 91, மூடாவிட்டால் 6403 99. பின்னதில் எட்டு இலக்க அளவில் தோல் செருப்புகளுக்குத் தனி வரிகள் உள்ளன. ஓட்டக் காலணிக்கு எஞ்சுவது 6403 99 90, அதாவது ‘ஏனைய’.

இதே காலணியில் வலைத்துணி மிகுந்திருந்தால் நிகழ்வது இன்னும் விந்தையானது. 6404 11இன் சொற்களில் விளையாட்டுக் காலணியோடு டென்னிஸ், கூடைப்பந்து, உடற்பயிற்சி, பயிற்சிக் காலணிகளும் பெயர் சுட்டிச் சேர்க்கப்பட்டுள்ளன. ஆகவே ஒரே அச்சில், ஒரே சோலில், ஒரே பயன்பாட்டுக்காகச் செய்யப்பட்ட இரு காலணிகளில், துணி மிகுந்தது விளையாட்டு வகையோடு சேர்கிறது. தோல் மிகுந்தது சேர்வதில்லை. பயிற்சிக் காலணி என்றாலே பள்ளி மாணவரின் கேன்வாஸ் ஷூ என்றிருந்த காலத்தின் எச்சமாக இதைக் கருதலாம்.

பேச்சுவழக்கில் ‘ஸ்போர்ட்ஸ் ஷூ’ என்று வழங்குவதால் அதை 6403 19இல் சேர்க்கக் கூடாதா என்னும் வாதம் எழக்கூடும். வணிக வழக்கில் ஒரு பொருள் எவ்வாறு அறியப்படுகிறது என்பது இந்திய நீதிமன்றங்கள் ஏற்ற அளவுகோலே. டன்லப் நிறுவனமும் சென்னையின் மெட்ராஸ் ரப்பர் ஃபாக்டரியும் தொடுத்த வழக்கில் 1975இல் தீர்ப்பளித்த உச்ச நீதிமன்றம், உரிய பெற்றோர் இருக்கும் பொருளை எஞ்சிய இனம் என்னும் அநாதை இல்லத்துக்கு அனுப்புதல் தகாது என்ற கருத்தைச் சொன்னது. ஆனால் அட்டவணையே ஒரு சொல்லை வரையறுத்திருக்கும்போது வணிக வழக்குக்கு இடமில்லை. பளிங்குக் கல் இறக்குமதி தொடர்பான அக்பர் பத்ருதீன் ஜிவானி வழக்கில் (1990) அதே நீதிமன்றம், தீர்வை அட்டவணையில் தொழில்நுட்பப் பொருளில் ஆளப்பட்ட சொல்லுக்கு அப்பொருளே கொள்ள வேண்டும் என்றது. விளையாட்டுக் காலணிக்குச் சட்டம் தந்த வரையறை இருப்பதால், ‘ஏனைய’ என்னும் முடிவைத் தவிர்க்க வழியில்லை.

வீதம் ஒன்றானால் வேறுபாடு எதற்கு?

6401 முதல் 6405 வரை இந்தியாவில் அடிப்படைத் தீர்வை வீதம் ஒன்றே. 2018 பிப்ரவரியில் 10 விழுக்காட்டிலிருந்து 20 ஆகவும், அதே ஆண்டு செப்டம்பரில் 25 ஆகவும், 2020இல் 35 ஆகவும் அது உயர்ந்தது. 2025 பிப்ரவரி வரவுசெலவுத் திட்டம் அதை 20ஆகக் குறைத்து, வேளாண் உள்கட்டமைப்பு மேம்பாட்டு மேல்வரியாக 18.5 விழுக்காட்டைச் சேர்த்தது. சமூக நல மேல்வரி நீக்கப்பட்டது. முன்பு 35உடன் அதன் பத்தில் ஒரு பங்கு சேர்ந்து 38.5, இப்போதும் 20உடன் 18.5 சேர்ந்து 38.5. பெயர் மாறியதே தவிரச் சுமை மாறவில்லை.

2,000 ரூபாய் மதிப்பில் இறங்கும் ஓர் இணைக்கு அடிப்படைத் தீர்வை 400, மேல்வரி 370, ஆக மதிப்பு 2,770 ரூபாய். 2025 செப்டம்பர் 22 முதல் 2,500 ரூபாய்க்கு மேற்பட்ட விற்பனை மதிப்புள்ள இணைக்குச் சரக்கு மற்றும் சேவை வரி 18 விழுக்காடு என்பதால், மேலும் 498 ரூபாய் 60 காசு. கடைசியில் 3,268 ரூபாய் 60 காசு. தலைப்பு 6403 ஆனாலும் 6404 ஆனாலும் இத்தொகை மாறாது.

அவ்வாறாயின் வகைப்பாட்டில் ஏன் இவ்வளவு கவனம்? முதலாவது காரணம் உறுப்புகள். தைத்து முடித்த மேற்பாகம் தனியே வந்தால் 6406. அதற்கு 2020இல் 20 விழுக்காடு அடிப்படைத் தீர்வை விதிக்கப்பட்டபோது முழுக் காலணிக்கு 35 விழுக்காடு. இந்த இடைவெளி, மேற்பாகத்தையும் சோலையும் பிரித்துக் கொண்டுவரத் தூண்டும். அதற்கெனவே பொது விளக்க விதி 2(அ) இருக்கிறது. பொருத்தப்படாத நிலையில் ஒன்றாக வந்தாலும், முழுப்பொருளின் இன்றியமையாத தன்மை அமைந்திருந்தால் அது முழுப்பொருளே. தவறான விவரம் தந்து சரக்கை விடுவித்தது தெரியவந்தால், சுங்கச் சட்டத்தின் 111(எம்) பிரிவின்கீழ்ப் பறிமுதலும் 112, 114ஏ பிரிவுகளின்கீழ்த் தண்டமும் தொடரும்.

இரண்டாவது தரக் கட்டுப்பாடு. தோலாலும் பிற பொருள்களாலும் ஆன காலணிகளுக்கான தரக் கட்டுப்பாட்டு ஆணை 2024 ஆகஸ்ட் 1 முதல் நடைமுறையில் உள்ளது. இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் ஐ.எஸ். 15844 விளையாட்டுக் காலணிகளுக்குரிய தரம். அது ஆணி உள்ளதா என்று கேட்டுப் பகுப்பதில்லை. ஆகவே ஓட்டத்துக்கான ஒரு தோல் காலணி தர நிர்ணய அமைவனத்துக்கு விளையாட்டுக் காலணியாகவும் சுங்கத் துறைக்கு ‘ஏனைய’ காலணியாகவும் இருக்கலாம். இரண்டும் சட்டப்படி சரியே. ஆவணங்களில் ஒரே பெயரை இரு பொருளில் எழுத வேண்டிய இறக்குமதியாளருக்குத்தான் இடர்ப்பாடு.

பல்லாவரம் முதல் செய்யாறு வரை

2019 நவம்பரில் காஞ்சிபுரத்திலிருந்து பிரிந்த செங்கல்பட்டு மாவட்டத்தின் வடகோடியில் பல்லாவரமும் குரோம்பேட்டையும் உள்ளன. 1912இல் ஜி. ஏ. சேம்பர்ஸ் பல்லாவரத்தில் தொடங்கிய குரோம் லெதர் கம்பெனியே குரோம்பேட்டைக்குப் பெயர் தந்தது. காலணி மேற்பாகத்துக்கு ஏற்ற மென்மையும் நெகிழ்வும் தருவது குரோம் பதனிடல். இயல் 41இன் ‘தோல்’ இங்கே ஊர்ப்பெயராகவே நிலைத்துவிட்டது.

அங்கிருந்து ஜி.எஸ்.டி. சாலை வழியே தெற்கே சென்றால் – இச்சாலையின் பெயரில் உள்ள ஜி.எஸ்.டி. தெற்குப் பெருவழியைக் குறிப்பது, வரியையன்று – செங்கல்பட்டுக்கு முன்னதாக மகிந்திரா வேர்ல்டு சிட்டி வருகிறது. அதன் சிறப்புப் பொருளாதார மண்டலங்களுள் ஆடை, அணிபொருள் தொழிலுக்கானதும் ஒன்று. செங்கல்பட்டுக்கு மேற்கே, பாலாற்றுக்கு அப்பால் திருவண்ணாமலை மாவட்டத்தில் உள்ள செய்யாற்றில் காலணி உற்பத்திக்கென்றே ஒரு மண்டலம் இயங்குகிறது. தைவானின் ஃபெங் டே குழுமத்தைச் சேர்ந்த லோட்டஸ் ஃபுட்வேர் அங்கு நைக்கிக்காக விளையாட்டுக் காலணிகளைச் செய்கிறது. சுற்றுவட்டாரச் சிற்றூர்களிலிருந்து வரும் இளம்பெண்களே அங்குள்ள தொழிலாளருள் பெரும்பான்மையர்.

முன்னுரையில் கூறிய, கடலைக் காணாத இறக்குமதி இங்குதான் நிகழ்கிறது. 2005ஆம் ஆண்டுச் சிறப்புப் பொருளாதார மண்டலச் சட்டத்தின் 30ஆம் பிரிவின்படி, மண்டலத்திலிருந்து உள்நாட்டுச் சந்தைக்கு வெளியேறும் பொருள், அது இறக்குமதி செய்யப்பட்டிருந்தால் எவ்வளவு சுங்கத் தீர்வைக்கு உரியதோ அவ்வளவுக்கும் உரியது. செய்யாற்றில் தைத்த காலணி சென்னைக் கடைக்கு வரவேண்டுமெனில் அதற்கும் இறக்குமதி நுழைவுச் சீட்டு, அதே 64ஆம் இயல், அதே பரப்பளவுக் கணக்கு. தான் தைத்த காலணியைக் காஞ்சிபுரத்துக் கடையில் காணும் தொழிலாளிக்கு அது சட்டத்தின் கண்ணில் அயல்நாட்டுச் சரக்கு போன்றதே.

பெண் என்னும் சொல்

இந்திய அட்டவணையின் சில எட்டு இலக்க வரிகளில் ஆண், பெண், குழந்தைகள் என்ற பகுப்பு உண்டு. வீத வேறுபாடு இல்லை. அமெரிக்காவில் அவ்வாறன்று. அந்நாட்டு அட்டவணையின் பொது வீதப்படி, கணுக்காலை மூடாத தோல் காலணி ஆண்களுக்குரியதானால் 8.5 விழுக்காடு, இணைக்கு 2.50 டாலருக்கு மேற்பட்ட மதிப்புள்ள ‘பிறருக்குரிய’ காலணிக்கு 10 விழுக்காடு. இருபாலரும் பொதுவாக அணியும் காலணி ஆண்களுக்குரியதாகாது என்று அந்நாட்டுக் கூடுதல் குறிப்பு கூறுவதால், அதுவும் 10 விழுக்காட்டில் சேர்கிறது. பாகுபாடு எப்போதும் பெண்ணுக்கு எதிராகவே அமைவதில்லை. தோல் கையுறைகளில் ஆண்களுக்குரியதற்கு 14, பிறருக்கு 12.6 எனத் தலைகீழாக இருந்தது. கையுறை தொடர்பான டோட்டஸ்-ஐசோடோனர் வழக்கிலும் (2010) காலணி தொடர்பான ராக் ரூம் ஷூஸ் வழக்கிலும் (2013) மேல்முறையீட்டு நீதிமன்றம், வீதம் வேறுபடுவது மட்டும் போதாது, பாகுபடுத்தும் நோக்கம் இருந்ததாக மனுவில் காட்டப்பட வேண்டும் என்று கூறி வழக்குகளை ஏற்க மறுத்தது. தமிழ்நாட்டிலிருந்து ஒரே பெட்டகத்தில் செல்லும் ஒரே வடிவக் காலணிகள், அளவையும் வடிவமைப்பு நோக்கையும் பொறுத்து அங்கே இரு வேறு வீதங்களைச் சந்திக்கும்.

கடைசி இரண்டு இலக்கங்கள்

தமிழ்நாடு அரசு 2022 ஆகஸ்டில் காலணி மற்றும் தோல் பொருள்களுக்கான தனிக் கொள்கையை வெளியிட்டது. தோல் அல்லாத காலணியையும் விளையாட்டுக் காலணியையும் நோக்கித் தொழில் நகரும் வேளையில், எந்த வகைக் காலணி எவ்வளவு வருகிறது, எவ்வளவு போகிறது என்ற விவரம் கொள்கை வகுப்போருக்கு இன்றியமையாதது. அவ்விவரம் சுங்கக் குறியீட்டிலிருந்தே திரட்டப்படுகிறது. 6403 99 90இல் பெண்களின் ஓட்டக் காலணியும் அலுவலகக் காலணியும் ஆண்களின் ஷூவும் ஒன்றாகக் கலந்து கிடப்பதால், அவற்றைப் பிரித்தறிய வழியில்லை. 6403 19இன் எண்ணிக்கையை மட்டும் எடுத்துக்கொண்டு ‘தோல் விளையாட்டுக் காலணி’ என்று அட்டவணையிடும் ஆய்வு, ஆணியும் குமிழும் வைத்தவற்றையே பெரும்பாலும் எண்ணுகிறது.

அமெரிக்க அட்டவணை இதற்கு ஒரு வழி கண்டுள்ளது. 6403இன் ‘ஏனைய’ பகுதிக்குள்ளேயே டென்னிஸ், கூடைப்பந்து, பயிற்சிக் காலணிகளுக்குப் புள்ளியியல் உட்பிரிவுகளை அமைத்து, பெண்களுக்குரியதைத் தனியே எண்ணுகிறது. இந்தியாவிலும் இதற்கு உலகச் சுங்க அமைப்பின் இசைவு தேவையில்லை. ஆறு இலக்கத்தை மாற்றாமல், 6403 91, 6403 99 ஆகியவற்றின்கீழ்ப் பயிற்சிக் காலணிக்கு ஆண், பெண் வரிகளைச் சேர்க்க நிதிச் சட்டத்தில் ஒரு திருத்தம் போதும். அதுவரை, ஐயம் எழும் இறக்குமதியாளர் செய்யக்கூடியது, சரக்கு புறப்படும் முன்பே 28எச் பிரிவின்கீழ் முன்தீர்ப்பு ஆணையத்திடம் விண்ணப்பிப்பது. டெல்லியிலும் மும்பையிலும் உள்ள அவ்வாணையங்கள் விண்ணப்பம் பெற்ற 3 மாதத்துக்குள் தீர்ப்பளிக்க வேண்டும். விண்ணப்பத்தோடு காலணியின் மாதிரியையும், மேற்பாகத்தின் ஒவ்வொரு துண்டுக்கும் பரப்பளவையும், பட்டைகளுக்குக் கீழே என்ன இருக்கிறது என்பதைக் காட்டும் வெட்டு வரைபடத்தையும் தருவது நன்று.